பூசணிச் சாற்றில் போட்டது

யெசுலின் அம்மாவுக்கு,

வீட்டுக்கு வந்த உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை இங்கே சியோலில் என் கைக்கு வந்தது. இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். ஹேரினுக்கு முகத்தில் அறுவை செய்த சியோல் கிளினிக்கின் எண் ஒன்று. அவளுக்கு நான் காய்ச்சி அனுப்பிய பூசணிச் சாற்றில் என்னென்ன போட்டேன் என்பது இன்னொன்று. அடுத்த மாதம் யெசுலுக்கு மூக்கு அறுவை என்றும் எழுதியிருந்தீர்கள். கிளினிக்கின் எண்ணைத் தனித் தாளில் எழுதி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். இதைப் படித்து முடித்த பிறகு அதைப் பிரியுங்கள்.

நீங்கள் கும்சானை விட்டுத் தேஜொனுக்குக் குடிபோய் நாலு வருஷமாகிறது. அதனால் நடந்தது உங்கள் காதுக்கு வரவில்லை போலிருக்கிறது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஹேரினுக்கு என் தாடை. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் செங்கல் வைத்ததுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளை டோஃபு கட்டி என்று கூப்பிட்டார்கள். உங்கள் யெசுலும் கூப்பிட்டிருப்பாள், தப்பில்லை, பிள்ளைகள்தானே. சியோலில் வேலைக்குப் போன பிறகு அவள் எடுத்த படங்களில் எல்லாம் முடியை இரண்டு பக்கமும் இழுத்து முன்னால் விட்டிருப்பாள். இருபத்தேழு வயதில் தாடை எலும்பைச் சீவிக்கொள்ளப் போகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தாடையைக் கொடுத்தவள் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது?

முதல் முறை கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து போனில் சொன்னாள்.

"ஆலோசனை மேலாளர் பெக்னு ஒரு அக்கா. நாப்பது நிமிஷம் பேசினாங்க அம்மா. உன்னைவிட அன்பா பேசினாங்க."

"டாக்டர்?"

"டாக்டரும் பார்த்தார். நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷத்துல என்னடி கேட்ட?"

"அவர்தான் கேட்டார், வேற கேள்வி இருக்கான்னு. பின்னாடி இன்னும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாங்க. இல்லைன்னுட்டேன்."

அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பரிசோதித்துவிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அறுவைக்கு நாலு வாரம் இருந்தது. கிளினிக்கிலிருந்து அவள் போனுக்கு ஒரு நீளமான அறிவிப்பு வந்ததாம். அதைப் படித்துவிட்டு மறுநாள் கூப்பிட்டாள்.

"அம்மா, மூலிகை மருந்து எதுவும் கூடாதாம். நீ கஷாயம் கிஷாயம்னு ஏதாவது அனுப்பிடாத."

"மருந்து எதுக்குடி? பூசணிச் சாறு அனுப்பறேன். வீக்கம் சீக்கிரம் வத்தும்."

"வெறும் பூசணிதானே?"

"வேற என்ன."

அதைச் சொன்னபோது அது உண்மைதான்.

சாறு காய்ச்சப் பியோவின் கடைக்குப் போனேன். சந்தைக்குப் பின்னால், பெரிய அழுத்தப் பானைகள் இரண்டு வைத்திருக்கிறாரே, அவர்தான். நாலு பூசணியைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கியதும் கேட்டார்.

"யாருக்கு?"

"ஹேரினுக்கு. தாடையில அறுவை."

"கத்தி படப்போற பொண்ணுக்கு வெறும் பூசணித் தண்ணியா? அதுக்குக் குழாயைத் திறந்து குடிக்கச் சொல்லுங்க, மூட்டை தூக்கற வேலையாவது மிச்சம்."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் நான் இருபத்திரண்டு வருஷமாகக் கும்சானில் ஜின்செங் தரம் பிரிக்கும் கொட்டகையில் உட்காருகிறவள். ஆறு வருஷத்து வேரைக் கையில் எடுத்ததும் எடை சொல்வேன். என் மகளுக்கு வெறும் பூசணி கொடுத்தேன் என்றால் கொட்டகையில் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போய் நல்ல வேராகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பியோ தன் பங்குக்குத் தாங்குவி வேர் ஒரு கை அள்ளிப் போட்டார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறோமே, ரத்தம் ஓடட்டும் என்று, அதே வேர்தான்.

நம் ஊரில் ஜின்செங் மருந்தா, நீங்களே சொல்லுங்கள். மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்கிறோம். கோழியின் வயிற்றில் அடைக்கிறோம். மருந்து என்றால் வைத்தியர் நாடி பிடித்துத் தாளில் எழுதித் தருவது. நான் அப்படித்தான் நினைத்தேன். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை, அப்போது.

பியோவின் இயந்திரம் நாற்பது பைகளில் அடைத்துக் கொடுத்தது. அவரிடம் பூசணிக்கு ஒரே ஒரு சீட்டுதான் உண்டு. எல்லாப் பையிலும் 'பூசணி' என்று ஒட்டியிருந்தது. அவற்றைச் சியோலுக்கு அனுப்பிவிட்டு, அறுவைக்குப் பிறகு குடிப்பதற்கு இன்னொரு முப்பது பை காய்ச்சி அவள் அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இருபது நாள் ஒன்றுவிடாமல் குடித்தாள்.

அறுவைக்கு முந்தின நாள் நான் சியோலுக்குப் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசிப் பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, இது ஏன் எப்பவும் கொஞ்சம் கசக்குது?"

"பழுத்த பூசணி அப்படித்தான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. வேர் போட்டேன் என்றால் திட்டுவாள், மிச்சத்தைக் கொட்டிவிடுவாள், அவ்வளவுதான் பயம். மிச்சத்தையும் குடித்தாள்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்குக் கிளினிக்கில் இருந்தோம். பெக் அவள் முன்னால் படிவத்தை வைத்தார். மூலிகை மருந்து எடுக்கிறீர்களா என்ற இடத்தில் ஹேரின் 'இல்லை' என்று குறித்தாள். கீழே 'மற்றவை' என்ற கோட்டில் 'பூசணிச் சாறு' என்று அழகாக எழுதினாள். சின்ன வயதிலிருந்தே எந்தத் தாளிலும் கோட்டைக் காலியாக விடமாட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெக் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா கையால காய்ச்சினதா? குடுத்துவச்ச பொண்ணு."

தொப்பியும் அங்கியும் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நீ அழக்கூடாது. அழுதா அடுத்த பஸ்லயே உன்னைக் கும்சானுக்கு ஏத்திடுவேன்" என்றாள். அழவில்லை. கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒரு திரை. பெயரில் நடு எழுத்தை மறைத்துப் போடுகிறார்கள். ஹேரினின் பெயர் 'மோ ○ ரின் — அறுவை நடக்கிறது' என்று வந்தது. எதிர்ச் சோபாவில் தலையிலிருந்து தாடை வரை கட்டுப் போட்ட ஒரு பெண்ணும் அவள் தோழியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் ஆளுக்குப் போட்டோ அனுப்பினியாடி?"

"அனுப்பினேன். ஹெல்மெட் நல்லாருக்கு, எங்க வாங்கினேன்னு கேக்கறான்."

"தலையே இல்லாதவனுக்கு ஹெல்மெட் எதுக்காம்?"

"சிரிக்க வைக்காதடி, தையல் பிரிஞ்சிடும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. பொழுது போகட்டும் என்று மேஜைமேல் இருந்த தாளை எடுத்தேன். அறுவைக்கு முன் நோயாளிகள் அறிய வேண்டியவை என்று தலைப்பு. ஹேரினின் போனுக்கு வந்த அதே அறிவிப்புதான். அவள் எனக்கு ஒரு வரியாகச் சுருக்கிச் சொன்னது இதில் இரண்டு பக்கம் இருந்தது. ஆறாவது வரியில், இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியவை: ஆஸ்பிரின், மீன் எண்ணெய், பூண்டுச் சாறு, ஜின்செங், தாங்குவி வேர். ரத்தம் உறைவதைக் கெடுக்கும், உணவாக எடுத்தாலும் சொல்லுங்கள் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது.

மூன்று முறை படித்தேன். மணி பத்து இருபத்தைந்து.

பெக்கின் மேஜைக்குப் போய் நின்றேன். 

"என்ன அம்மா, காப்பி வேணுமா?"

"அந்தப் பூசணிச் சாறுல ஜின்செங் போட்டிருக்கேன். தாங்குவியும். அவளுக்குத் தெரியாது."

"எவ்வளவு நாளா?"

"இருபது நாள். நேத்துச் சாயங்காலம்வரைக்கும்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் போய்விட்டது. எழுந்து உள்ளே போனார். ஏழு நிமிஷம் கழித்து வந்தார்.

"ஆரம்பிச்சிட்டாங்க அம்மா."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு. பார்த்துக்கறேன்னார். ரத்தப் பரிசோதனை நல்லாத்தான் இருந்தது, கவலைப்படாதீங்க."

"அது நாலு வாரத்துக்கு முன்னாடி எடுத்தது. அதுக்கப்புறம்தானே அவ குடிக்க ஆரம்பிச்சா."

 பெக் ஒரு கோப்பையில் எலுமிச்சைத் தேநீர் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, வந்திருந்த அடுத்த பெண்ணை வரவேற்கப் போனார்.

அங்கே இருந்து நான் என்ன செய்திருக்க முடியும்? கதவைத் தட்டலாமா என்று இரண்டு முறை எழுந்தேன். நிறுத்துங்கள் என்றால் நடுவில் நிறுத்துவது நல்லதா கெட்டதா என்பதுகூட எனக்குத் தெரியாது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஹேரினுக்குப் பிறகு உள்ளே போன 'சொல் ○ ஆ' என்ற பெயர் பன்னிரண்டேகாலுக்கு 'விழிப்பறை' என்று மாறியது. இன்னொரு பெயரும் மாறியது. 'மோ ○ ரின்' மாறவில்லை. எதிர்ச் சோபாப் பெண்கள் போய்விட்டார்கள். தேநீர் ஆறிப்போனது.

ஒன்று பத்துக்குப் பெக் என்னைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி மட்டும் இருந்தது. 

"ரத்தம் கொஞ்சம் அதிகமாப் போகுது அம்மா. வலது பக்கம் முடிஞ்சது. இடது பக்கம் தொடலை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தறோம், ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான்."

பின்பக்க லிஃப்டில் இறக்கினார்கள். முகத்தை எனக்குக் காட்டவில்லை. கால் மட்டும் தெரிந்தது. நான் பின்னிக் கொடுத்த மஞ்சள் காலுறை போட்டிருந்தாள். ஆம்புலன்ஸில் அதையே பிடித்துக்கொண்டு போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் வந்து, என்ன வேர், எத்தனை கிராம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். எனக்கு என் வேரின் எடை தெரியும், பியோ போட்டது தெரியாது. அங்கேயே நின்று அவருக்குப் போன் செய்தேன். மறுப்பார், பூசணிதான் என்பார் என்று நினைத்தேன். இல்லை. கேட்ட உடனே அளவைச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு பியோ, "பொண்ணு எப்படி இருக்கா?" என்றார். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

ரத்தம் ஏற்றினார்கள். கசிந்த ரத்தக் குழாயைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். நாலு மணிக்கு அந்த டாக்டர் வெளியே வந்தார்.

"உயிருக்கு ஆபத்து இல்லை."

"அந்த வேராலதானா?"

"அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. இந்த அறுவைல சிலருக்கு அது இல்லாமலும் ரத்தம் போகும். அது காரணமில்லைன்னும் என்னால சொல்ல முடியாது."

கிளினிக்கையும் போய்க் கேட்டேன். ஹேரின் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். மூலிகை மருந்து, இல்லை. கீழே பூசணிச் சாறு. அவள் எழுத்து.

மூன்றாம் நாள் அவளுக்கு முழு நினைவு வந்தது. வாயைத் திறக்க முடியாது. சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். தண்ணீர், வலி, ஜன்னல் என்று ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக் காட்டினாள். டாக்டர் வந்து அவளிடம் ஏதோ பேசிவிட்டுப் போன பிறகு, பலகையைத் துடைத்துவிட்டு எழுதினாள்.

'பூசணியில என்ன போட்ட?'

சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.  பிறகு ஒரே வார்த்தை எழுதினாள்.

'கசந்தது.'

இப்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். வலது பக்கம் அவள் ஆசைப்பட்டபடி இறங்கியிருக்கிறது. இடது பக்கம் இன்னும் என் தாடைதான். ஆறு மாதம் கழித்துத்தான் அந்தப் பக்கத்தைப் பற்றி யோசிக்கவே முடியும் என்கிறார்கள். முடியை ஒரு பக்கம் மட்டும் இழுத்து விட்டுக்கொள்கிறாள். இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

அறைக்குத் திரும்பிய அன்று வாசலில் பியோவின் பெட்டி வந்து கிடந்தது. முப்பது பை. ஒவ்வொன்றாக வெட்டித் தொட்டியில் ஊற்றினேன். அந்தச் சின்ன அறை முழுக்க நம் கொட்டகையின் ஜின்செங் வாசனை. ஹேரின் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

நான் இன்னும் சியோலில் அவள் அறையில்தான் இருக்கிறேன். அவளுக்குக் கஞ்சி மட்டும்தான். நான் அடுப்படிக்குப் போனால் அவளும் எழுந்து வந்து முக்காலியைப் போட்டு உட்காருகிறாள். இப்போது வாய் ஓரளவு திறக்கிறது, ஆனால் கண் என் கையில்தான். நான் அரிசியை உள்ளங்கையில் எடுத்து அவளுக்குக் காட்டிவிட்டுப் பானையில் போடுகிறேன். தண்ணீரைக் காட்டி ஊற்றுகிறேன். கடைசியில் உப்பு. நேற்று அதையும் நீட்டினேன். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் தலையசைத்தாள்.

இப்படிக்கு,
ஹேரினின் அம்மா