பதினேழாம் எலிக்குப் பூஜ்யம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சுண்டெலியின் முதுகிலிருந்து தொடங்கியது. அந்த முதுகைப் பற்றி யாரோ போகிறபோக்கில் சொன்னார்கள். மனிதர்களை நான்தான் பிறகு கொண்டுவந்து சேர்த்தேன்.

‘ஆய்வுக்கூடத்தில் மெல்லிய வெளிச்சம்...’ வேண்டாம். ‘அவளுக்கு எலிகளை மிகவும்...’ பொய். பிடிக்காது.

2

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை வீடியோ பார்ப்பது. யாரோடும் ஒட்டாத சுபாவத்தோடு பிறக்கும் ஒரு வகைச் சுண்டெலி.* அதன் குட்டிகளைப் பிறந்ததிலிருந்தே கலகலப்பான குட்டிகளோடு வளர்த்தால் மாறுமா என்பதுதான் ஆராய்ச்சி. பெட்டியின் ஒரு பக்கம் கம்பிக்கூண்டில் புது எலி, மறுபக்கம் காலிக் கூண்டு. அப்படி வளர்ந்த எலியை நடுவில் விடுவார்கள்; அது புது எலியை மூக்கால் முகர்ந்தால் ஸ்டாப்வாட்சை அழுத்தி, முகர்ந்த நேரத்தைக் குறிக்க வேண்டும்.

(*ஆட்டிசத்தைப் புரிந்துகொள்ளத்தான் இதெல்லாம். எலிக்கு ஆட்டிசம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.)

பதினேழாம் எலி நேராகப் போய்ப் புது எலியின் கூண்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. சற்று நேரத்தில் உள்ளே இருந்ததும் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. இரண்டும் மூச்சு விடுவது மட்டும் திரையில் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கும் கண் சொக்கியது.

“சார், இதுக்கு என்ன போட?”

“மூக்கு பட்டுச்சா?” என்றார் ஆய்வுத் தலைவர்.

“இல்ல. ஆனா பத்து நிமிஷமும் அதை விட்டு நகரல.”

“அப்ப பூஜ்யம்தாம்மா. ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் போட்டா ஆராய்ச்சி எதுக்கு?”

நியாயம்தான். போட்டாள்.

3

இங்கே அவளுக்கு ஒரு தம்பி. [இவனைக் கதையிலிருந்து இரண்டு முறை அடித்துவிட்டேன். எலிக்குப் பக்கத்தில் மனிதனை உட்காரவைப்பது மரியாதையில்லை என்று பட்டது. அடித்த பிறகும் அவன் எழுந்து போகவில்லை.] இருபது வயது, ஆட்டிசம் உள்ளவன். அவனைத் தூரத்துப் பராமரிப்பு விடுதி ஒன்றில் சேர்க்க அம்மா விண்ணப்பம் வாங்கி வந்திருந்தாள். வீட்டைப் பிரிந்தால் ஏங்கிப்போகிறவர்களை அங்கே எடுப்பதில்லை. ‘வீட்டாரிடம் ஒட்டுதல் உண்டா?’ என்ற கேள்விக்கு, போன வாரம் இவள்தான் ‘இல்லை’ என்று எழுதினாள்.

அன்று மாலை கனவில் நடப்பதுபோல் வீடு வந்து சேர்ந்தாள். எந்தத் தெரு வழியாக என்று நானும் கவனிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்ததும் தம்பி வந்தான். வழக்கம்போல் முகத்தைப் பார்க்காமல், அவள் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ‘அக்காவை நாற்காலின்னு நெனச்சுட்டான்’ என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இன்று வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அம்மா விண்ணப்பத்தை அவள் மடியில் வைத்தாள். “நாளைக்குத்தான் கடைசி நாள். எனக்கும் முட்டி வலி, இன்னும் எத்தனை நாள் தாங்குவேன் சொல்லு? எழுதினபடியே குடுத்துடலாம்ல?”

“அம்மா, அந்த ஒரு கேள்விய மட்டும்...”

4

முடிவு ஒன்று: ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘உண்டு’ என்று எழுதுகிறாள். இடம் போகிறது. அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள்.

முடிவு இரண்டு: அப்படியே கொடுக்கிறாள். விடுதி அறையில் தம்பி சுவரில் முதுகை... [என்னால் முடிக்க முடியவில்லை.]

விண்ணப்பம் மடியில் இருக்கிறது, பேனா மேசைமேல். அவள் எழுந்தால் அவன் மல்லாந்து விழுவான். நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். பேனாவைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது, என்ன எழுதுவதென்றும் சொல்லிவிடுங்கள்.