மஞ்சள் ஜக்கற்

அப்பாவுக்கு உடுத்துவதற்கு வேட்டி சட்டை எடுக்க ரொபின்சன் அலுமாரியைத் திறந்தபோது, கதவின் உட்புற ஆணியில் தொங்கிய மஞ்சள் ஜக்கற் அவன் முகத்தில் வந்து மோதியது. உயிர்காப்பு ஜக்கற். காற்று நிரம்பிக் கட்டிப் பருத்து நின்றது. முந்திய நாள் பின்னேரம் அப்பா தன் வாயால் ஊதி மாட்டியது. ஊதிய மனிதர் இப்போது முன்னறை மரவாங்கில் குளிப்பாட்டி முடித்த ஈரத்தோடு கிடந்தார். விடியப்புறம் தேத்தண்ணி கேட்டவர், ரொபின்சனின் மனைவி ஜூலியட் கொண்டுவந்து கொடுப்பதற்குள் போய்விட்டார். இதயம் என்று டொக்டர் சொன்னார்.

ரொபின்சன் ஜக்கற்றை ஒரு குத்து விட்டான். அது ஆணியில் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"என்னப்பா செய்யிறியள்? சட்டை கிடைச்சுதோ?" ஜூலியட் வாசலில் நின்று கேட்டாள்.

"ஓம். கிடைச்சுது."

சட்டையை எடுத்துக்கொண்டு போனான். அப்பாவுக்குச் சவரம் செய்ததும் அவன்தான், நகம் வெட்டியதும் அவன்தான். கடைசிப் பத்து வருடமாக வீட்டில் இதெல்லாம் அவன் வேலைதான். பங்குச் சுவாமி வந்து அடக்க நேரம் கேட்டபோது மட்டும் அரிப்புக் கிராமம் முழுக்க ஒரே வாயில் சொன்னது: "சாந்தரூபன் வரட்டும்." அடக்கம் அடுத்த நாள் நாலு மணிக்கு என்று முடிவானது.

சாந்தரூபன் தம்பி. பதின்மூன்று வயது இளையவன். கொழும்பில் ஒரு கொம்பனியில் வேலை. சின்ன விமானத்தில், ஓட்டுபவருக்குப் பின்னால் யன்னலோரம் இருந்து, கடலுக்கு மேலே தாழப் பறந்து கடற்பசுக்களை எண்ணுகிற வேலை. மாதத்தில் இரண்டு தடவை மன்னார்க் கடலுக்கு மேலால் போவான். அந்த நாட்களில் அப்பா காலையிலிருந்தே கரையில் நிற்பார். சத்தம் கேட்டதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டுவார். அதே கடலில், அதே நேரம், ரொபின்சன் படகில் வலை இழுத்துக்கொண்டிருப்பான். இருபத்தாறு வருடமாக இழுக்கிறான். அவனுக்கு யாரும் கையாட்டியதில்லை. வயிறு எரிந்தது என்று வெளியில் சொல்ல முடியுமா? நாற்பத்து நாலு வயது ஆம்பிளை.

மூன்று மாதத்துக்கு முன்னர் சாந்தரூபன் போனில் சொன்னான்: "அப்பா, எங்கட பிளேனில கிடக்கிற ஜக்கற் எல்லாம் பழசு. சொந்தமாக் காசு குடுத்து வேண்டிப் போடலாமாம். ரெண்டு சாமான் அனுப்புறன், எது நல்லமெண்டு பார்த்துச் சொல்லுங்கோ."

அவ்வளவுதான். அப்பாவுக்குச் சோறு தண்ணி மறந்துபோயிற்று. அவர் வாலிபத்தில் சங்கு குளித்தவர். தண்ணீருக்குள் மனிதன் எப்படிச் சாவான் என்று தனக்குத் தெரிந்த அளவுக்குக் கொழும்பாருக்குத் தெரியாது என்பது அவருடைய எண்ணம். பஸ்ஸில் வந்த இரண்டு ஜக்கற்றையும், ரொபின்சனின் படகில் குந்தியிருக்கப் போட்டிருந்த பழைய செம்மஞ்சள் ஜக்கற்றையும் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார்.

"படகைக் கவிழ்த்துப் பிடி."

"என்னத்துக்கு?"

"பிளேன் தண்ணியில விழுந்தா கவிழும். கதவு தண்ணிக்குள்ள போயிடும். மூழ்கித்தான் வெளிய வரவேணும். பிடியடா."

நெஞ்சளவு தண்ணீரில் ரொபின்சன் படகைக் கவிழ்த்துப் பிடித்தான். எழுபத்தொரு வயதுக் கிழவர் முதலில் செம்மஞ்சளைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். தக்கை நிரப்பிய ஜக்கற் அவரைப் படகின் அடித்தட்டோடு தூக்கி ஒட்டிவிட்டது. குனிந்து விளிம்புக்குக் கீழே வர எத்தனித்தார், முடியவில்லை. ரொபின்சன் காலைப் பிடித்து இழுத்தெடுத்தான்.

"நான் சொல்லுறன் கேளுங்கோ, மற்றதைப் போடுங்கோ," என்றான் ரொபின்சன். "தண்ணி பட்டவுடன தானா ஊதுமாம். மயங்கி விழுந்தாலும் மிதக்கும். ஆருக்கும் அதுதான் நல்லம்."

எந்தக் கடற்தொழிலாளியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். அப்பா அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கழுத்து நனைந்ததும் அது படீரென்று ஊதியது. படகுக்குக் கீழே தள்ளிவிட்டால் மேலே எழும்பி இன்னும் மோசமாக ஒட்டிக்கொண்டார். இந்தமுறை இழுத்தெடுக்கும்போது நிறையத் தண்ணீர் குடித்திருந்தார்.

மூன்றாவது, மஞ்சள். கயிற்றை இழுத்தால்தான் ஊதும். அப்பா தட்டையாக உள்ளே போனார், குனிந்து மூழ்கினார், மறுபக்கத்தால் வெளியே வந்தார், பிறகு கயிற்றை இழுத்தார். மல்லாந்து மிதந்தபடி பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"இதுதான் என்ர பிள்ளைக்கு!"

ரொபின்சன் படகை நிமிர்த்திக்கொண்டே கேட்டான். கேட்டிருக்கக் கூடாது, வாய் முந்திவிட்டது. "அப்ப எனக்கு எது நல்லம்?"

"உனக்கென்னத்துக்கடா? நீ கடலில கிடந்து வளந்தவன்."

அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். ரொபின்சனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு அப்பா ஜக்கற்றை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தார். ஒருமுறை ஊதியதும் தீர்ந்துபோகிற வாயுச் சிலிண்டருக்குப் பதில் புதியது வருவதற்கு இரண்டு மாதம் எடுத்தது. அதை மாட்டுவதற்கு முன்னர் வாயால் ஊதி, ஒரு நாள் வைத்துக் காற்று இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்று, கூட வந்த கடதாசியை ஜூலியட் வாசித்துச் சொன்னாள். சாவதற்கு முந்திய நாள் பின்னேரம் கதிரையில் இருந்து ஊதத் தொடங்கினார். இரண்டு மூச்சுக்கு ஒரு இருமல்.

"தாங்கோ, நான் ஊதுறன்," என்றான் ரொபின்சன்.

"வேண்டாம். நான் ஊதினாத்தான் எனக்கு நம்பிக்கை. பார்த்து முடிய ஒரு சொட்டுக் காத்தும் உள்ள நிக்கக் கூடாது. அப்பதான் பிளேன் கவிழ்ந்தா அவன் வெளிய வருவான்."

அப்பா உயிரோடு இருந்து பார்த்த கடைசிப் பின்னேரம் அதுதான். அதிலும் முக்கால் மணித்தியாலம் தம்பிக்கே போயிற்று.

சாந்தரூபன் அன்று பின்னேரம் மூன்று மணிக்கு வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினான். அதுவரை அடங்கியிருந்த அழுகை அவனைக் கண்டதும் ஒரேயடியாக எழும்பியது. பெண்கள் வழி விட்டார்கள். "பிளேனில போறவன், பாவம், கடைசி முகம் காணேல்லையே," என்று யாரோ சொன்னார்கள். அவன் சவப்பெட்டி மேல் விழுந்து கதறினான். காலையிலிருந்து ஓடித் திரிந்த ரொபின்சனைப் பார்த்து ஒருவர், "ரொபின்சன், தம்பிக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டுவா," என்றார். கொண்டுவந்தான்.

அடுத்த நாள் அடக்கம் முடிந்தது. பெட்டியின் தலைமாட்டைச் சாந்தரூபன் பிடித்தான். சேமக்காலையால் திரும்பி வந்து கால் கழுவி, ஆட்கள் தேத்தண்ணி குடித்துக் கலைந்தபோது பொழுது இன்னும் இருந்தது. சாந்தரூபன் அறைக்குள் வந்தான்.

"அண்ணை, நான் நாளைக்கு வெளிக்கிடவேணும். திங்கக்கிழமை பறப்பிருக்கு. முப்பத்தொண்டாம் நாள் பூசைக்கு லீவு எடுத்து வாறன்."

"ம்."

"அப்பா ஜக்கற்றுக்குச் சிலிண்டர் வந்திட்டுதெண்டு சொன்னவர். கையோட கொண்டுபோறன்."

ரொபின்சன் அலுமாரியைத் திறந்தான். மஞ்சள் ஜக்கற் இரண்டு இரவு கழிந்தும் துளிகூடத் தளராமல் தொங்கியது. சாந்தரூபன் அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"நல்லா நிக்குது. ஆர் ஊதினது?"

முற்றத்தில் ஜூலியட் கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ரொபின்சன் தம்பியின் முகத்தைப் பார்த்தான். அழுது வீங்கி, அப்பாவின் அதே மூக்கோடு இருந்தது.

"நான்தான்," என்றான்.

"அப்ப காத்தை இறக்கித் தாங்கோ அண்ணை, மடிச்சு வைப்பம்."

"நீ போய் முகத்தைக் கழுவு. நான் இறக்கிக் கொண்டுவாறன்."

சாந்தரூபன் போனதும் கதவைச் சாத்திக் கொளுக்கி போட்டான். ஜக்கற்றை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலில் குந்தினான். தோளோரம் ஊதுகுழாய் இருந்தது. மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்து அழுத்தினால் காற்று வெளியே வரும். குழாயை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து மெதுவாக அழுத்தினான்.

முதலில் றப்பர் மணம் வந்தது. பிறகு அப்பாவின் வெற்றிலையும் கறாம்பும்.

கையை எடுத்துவிட்டான். இது அவனுக்குத் தந்ததல்ல, அது தெரியும். இப்படியே மூடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம், ஓட்டை என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தான். படகுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு காலை உதறிய கிழவரின் ஞாபகம் வந்தது. திரும்ப அழுத்தினான். முகத்தில் படப்பட, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாக உள்ளே இழுத்தான். மடியில் ஜக்கற் மெல்ல மெல்லச் சுருங்கியது.

வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவடியில் நின்றது.

"அண்ணை, முடிஞ்சுதோ?"

ரொபின்சன் குழாயை அழுத்திய பெருவிரலை எடுக்கவில்லை.

"பொறு," என்றான். "இன்னும் கொஞ்சம் கிடக்குது."