ஏழாம் நம்பர் கோபுரம்

அலுவலகத்தில் அவருக்கு ‘மேப்’ என்றுதான் பேர். காற்றாலை எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பவர் அவர். வீடு இருந்தால் அதைச் சுற்றி ஐந்நூறு மீட்டர் வட்டம் போட வேண்டும், அதற்குள் காற்றாலை கூடாது. ஆள் குடியில்லாத கொட்டகைக்கு வட்டம் கிடையாது. இவ்வளவுதான் விதி, பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, ஏழாம் நம்பர் காற்றாலைக் கோபுரத்துக்கு இடைஞ்சலாக ஒரே ஒரு வீடு நின்றது. பாதி கட்டி, தகரக் கூரை போட்டு, அவசரமாகக் குடியேறிய வீடு. இவருடைய சொந்த அக்காவின் வீடு! ஏழாம் நம்பர் போனால் திட்டமே போச்சு என்று மேலதிகாரி கையைப் பிசைந்தார். இவர் தகரக் கூரையைச் சாக்காக வைத்துக் ‘கொட்டகை’ என்று எழுதிவிட்டார். பிறத்தியார் வீடென்றால் கை நடுங்கியிருக்கும். அக்காதானே, பேசிக்கொள்ளலாம் என்றதும் அந்தக் கைக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

அக்கா தையல்காரி. மேற்குப் பார்த்த ஜன்னலடியில் அவள் மெஷின். வெயில் சாயும் மாதங்களில் இறக்கைகளின் நிழல் அந்த ஜன்னல் வழியே வந்து அறையை வெட்டி வெட்டி ஓடும். நாலேகாலிலிருந்து ஐந்தரை வரை என்று இவர் அப்போதே கணினியில் ரகசியமாகப் போட்டுப் பார்த்திருந்தார். அதனால், அக்கா வீட்டுக்குக் காலையில் போவார், சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவார்.

இப்போது பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு மடங்கு உயரத்தில் புதியவை வரப்போகின்றன. அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்கான திட்டம். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டடத்தையும் நேரில் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். அக்கா வீட்டுப் படிவத்தை யாரிடமும் கொடுக்காமல் இவரே எடுத்துக்கொண்டார். ‘வீடு’ என்று எழுதிவிட வேண்டும், ஏழாம் நம்பர் ஒழிய வேண்டும், வேலையே போனாலும் சரி. பன்னிரண்டு வருஷம் கழித்து ஐயாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் தடவையாகச் சாயங்காலம் நாலரைக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

“அதிசயமா இருக்கே! இந்த நேரத்துக்கு வந்திருக்க?” என்றாள் அக்கா.

ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. ஓர இடுக்கில் நுழைந்த நிழல் சுவரில் வந்து வந்து போனது. மெஷினைச் சாக்கில் கட்டி வாசலருகே வைத்திருந்தாள்.

“என்னக்கா இது, மூட்டையெல்லாம்?”

“ஞாயித்துக்கிழமை மக வீட்டுக்கே போயிடுறேன்டா. உங்க அத்தான் போனப்புறம் ஒண்டியா முடியல. இந்த நிழல்ல ஊசி எங்க எறங்குதுன்னே தெரிய மாட்டேங்குது.” ஆள்காட்டி விரலை நீட்டினாள். நகம் பிளந்து கறுத்திருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஏன் காலையிலயே வந்துட்டு ஓடுறேன்னு எனக்குத் தெரியாதாடா? தெரியாதவன்கிட்ட சொல்லலாம். தெரிஞ்சவன்கிட்ட என்னத்தச் சொல்ல?”

அவர் படிவத்தை எடுத்து நீட்டினார்.

“வீடுன்னு எழுதத்தான்கா வந்தேன். நீ இங்க இருந்தாத்தான் எழுத முடியும். எழுதிட்டா அந்தக் கோபுரம் வராது. போகாதக்கா, மேல ஒப்புதல் ஆகுற வரைக்கும் இன்னும் ஆறு மாசம் இரு.”

“இருந்த பன்னெண்டு வருஷம் போதாதா?” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “போடா, டீ போடுறேன், குடிச்சிட்டுக் கிளம்பு.”

கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை அவரே தூக்கி வண்டியில் ஏற்றினார். அக்கா கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். வீட்டை விற்கவில்லையா என்று கேட்டதற்கு, “யாருடா வாங்குவா?” என்று சிரித்தாள்.

வண்டி திருப்பத்தில் மறைந்தபிறகு, படிவத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். ஆள் குடியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினார். கட்டடத்தின் வகை என்ற இடத்தில் வெகுநேரம் பேனா நகரவில்லை. கடைசியில் ‘கொட்டகை’ என்று எழுதினார். இந்தத் தடவை அது உண்மை.