மேப் ஏறும்போது வந்த சம்பந்தி

அன்று வண்டிக்குள் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் என் மைத்துனன், அவன் பக்கத்தில் நான், நடு சீட்டில் என் மனைவியும் மகளும். பிறகு வந்து ஏறியவர்கள் சம்பந்தியாகப் போகிற லிஃப்ட் இன்ஸ்பெக்டரும் அவர் மனைவியும். மாப்பிள்ளைப் பையன் வரவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் யாரும் நேரில் பார்க்கவில்லை.

என் மகள் பல் டாக்டர். அவளும் இன்ஸ்பெக்டரின் மகனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். நான் சம்மதித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் மட்டும், "உங்க வீட்டை வந்து பார்த்துட்டுத்தான் வாயைத் திறப்பேன்" என்று நிறுத்தி வைத்திருந்தார். அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையை எதிர்பார்த்து என் மகள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

வண்டியில் இருந்த பழைய மேப்பில் எங்கள் தெரு கிடையாது. வீடு இருக்கும் இடத்தில் வெறும் பச்சை நிறம். வாசலை நெருங்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் பெண்குரல், "முன்னால் பாதை இல்லை. திரும்பிச் செல்லவும்" என்று சொல்லும். இன்ஸ்பெக்டரை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து இதே வண்டியில்தான் அழைத்து வரவேண்டும். சம்பந்தம் பேச வருகிறவரை என் வண்டியே என் வாசலில் திரும்பிப் போகச் சொல்வதா?

"குரலை அடைச்சு வச்சிடலாம் அத்தான்" என்றான் மைத்துனன். அவன் செல்போன் கடை வைத்திருப்பவன்.

"குறை இருந்தா திருத்துவோம். வாயைப் பொத்துற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல."

"என் வாயைத் தவிர" என்றாள் என் மனைவி.

அவன் புது மேப்பை பென்டிரைவில் இறக்கி வந்து, நாங்கள் கிளம்பி உட்கார்ந்த பிறகு செருகினான். திரையில் எழுத்து வந்தது: 'புதுப்பித்து முடியும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். வண்டியை அணைக்காதீர்கள்.'

என் மனைவி அதை வாய்விட்டுப் படித்தாள். "இதை யாரு அணைக்கப் போறா? கட்டின பொண்டாட்டிக்கே அந்த பாக்கியம் இல்ல."

நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தொண்ணூறு சதவீதம் ஏறியதும் மைத்துனன் கேட்டைத் திறக்க இறங்கினான். உடனே பூஜ்யம். "கதவைத் திறந்தா மொதல்லேருந்து ஆரம்பிக்குது அத்தான். இன்னொரு தடவை நின்னா திரையே செத்துடுமாம்."

ஆகவே கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். ஸ்டேஷனில் காத்துப் பார்த்து அலுத்துப்போன இன்ஸ்பெக்டரும் மனைவியும் டாக்சி பிடித்து வந்து, எங்கள் கேட்டுக்குள் நுழைந்தார்கள்.

"இறங்குங்க, மானம் போகுது" என்றாள் என் மனைவி.

"பாதியில இறங்கினாத்தான் போகும்." கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டேன். "வாங்க, வாங்க."

"எங்கயோ கிளம்பிட்டீங்க போல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உங்களைக் கூப்பிடத்தான் வந்துகிட்டிருக்கோம்."

நகராமல் நின்ற வண்டியை அவர் பார்த்தார். மைத்துனன் விஷயத்தை விளக்கினான். நான் பயந்ததற்கு மாறாக, அவர் முகம் மலர்ந்தது. "கதவு திறந்திருந்தா எதுவும் வேலை செய்யக் கூடாது. அதுதான் முறை. இதுக்காக எத்தனை லிஃப்டுக்கு சீல் வச்சிருக்கேன் தெரியுமா?"

வந்தவர்களை நிற்க வைத்து நான் உட்கார்ந்து பேசுவது மரியாதையல்ல. "டிக்கிக் கதவு?" என்று கேட்டேன்.

"அது கணக்குல வராது அத்தான்" என்று மைத்துனன் பட்டனை அழுத்தினான்.

டிக்கி திறந்தது. இன்ஸ்பெக்டர் ஏறி, சீட்டின் முதுகைத் தாண்டிக் கடைசி வரிசையில் அமர்ந்தார். அவர் மனைவி கைப்பையை முதலில் எறிந்துவிட்டு, என் மகளின் கையைப் பிடித்து ஏறினார். ஸ்டேஷனுக்கென்று எடுத்து வைத்த பிளாஸ்கிலிருந்து மகள் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"வீட்டைப் பார்க்க வந்தோம். கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க முடியுது" என்றார் அந்த அம்மாள்.

"எனக்கும் கால் மரத்துப் போச்சு. நான் இறங்குறேன்." என் மனைவி கதவில் கை வைத்தாள்.

"கையை எடுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "தொண்ணூத்தாறு."

நூறு ஆனது. ஒரு நடை தெருவைச் சுற்றி வந்து காட்டினால்தான் எனக்குத் திருப்தி. போய்த் திரும்பினோம். வாசலை நெருங்கியதும் பெண்குரல் முன்னைவிடத் தெளிவாகச் சொன்னது: "முன்னால் பாதை இல்லை. திரும்பிச் செல்லவும்."

"மேப் புதுசுதான் அத்தான்" என்றான் மைத்துனன் மெதுவாக. "நம்ம தெருவைத்தான் இன்னும் போடல." மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசி வரிசையிலிருந்து இன்ஸ்பெக்டரின் தலை முன்னால் நீண்டது. அவர் திரையைப் பார்த்துப் பேசினார். "யாரைத் திரும்பிப் போகச் சொல்ற? முப்பது அடிப் பாதை கண்ணுக்கெதிர்ல கிடக்கு. இது நம்ம வீடு."

அதுவரை அவர் 'உங்க வீடு' என்றுதான் சொல்லி வந்தார். மகள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லிட்டீங்க இல்ல?" என்றார் அவர் மனைவி. "இனியாவது இறங்கலாமா?"

"சொன்னது சொன்னதுதான்" என்றார் இன்ஸ்பெக்டர். கல்யாணம் அத்துடன் நிச்சயமானது.

சம்பந்தியை டிக்கியில் போட்டு ஊரைச் சுற்றினேன் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. டிக்கி வழியாக ஏறினார்கள், சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். இறங்கியது பக்கக் கதவு வழியாக.