ஏற்றத்தில் வந்த விசில்

"மறுபடியும் கத்துது பாரு," என்று சக்திவேல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

நீலாவதிக்கும் கேட்டது. ஆலங்காயம் தாண்டி ஏற்றம் பிடித்ததிலிருந்து அந்தச் சத்தம்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் விசில் மாதிரி கிளம்பும், மிதிக்க மிதிக்க ஏறும், காலை எடுத்தால் அடங்கும். சனியன் பிடித்த வண்டிக்கு நேரம் காலம் தெரியுமா? பின்சீட்டில் அவள் மடியில் மாமனார் முனியனின் தலை. அவருடைய மூச்சும் இழுத்து இழுத்துத்தான் வந்துகொண்டிருந்தது.

"இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று காலையில் டவுன் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றதும் சக்திவேல் தன்னுடைய டர்போ டீசல் வண்டியிலேயே அப்பாவை ஏற்றிவிட்டான். உயிர் இருக்கும்போதே ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். வெளியில் செத்த உடம்பை அவர்கள் ஊருக்குள் எடுக்க மாட்டார்கள். எப்பேர்ப்பட்ட ஆளானாலும் எல்லைப் புளியமரத்தோடு சரி, அங்கிருந்தே இடுகாடு. மாமியார் குப்பம்மாவோ இடுப்பெலும்பு முறிந்து ஆடி மாதத்திலிருந்து படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "வூட்டுக்கு வந்துரு. என்னால எங்கியும் வர முடியாது." மனுஷனும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார்.

"நைனா எப்டிக் கீறாரு?" வளைவுக்கு வளைவு இதே கேள்வி.

"மூச்சு கீது. நீங்க ரோட்டப் பாருங்க."

அடுத்த ஏற்றத்தில் வண்டி திணறியது. கியரை இறக்கியும் இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை சூழ்ந்தது. சக்திவேல் ஓரம் கட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தான்.

நீலாவதி முன்சீட்டைத் தட்டினாள். "ஏங்க, நிறுத்தாதீங்க. எப்டியாச்சும் உருட்டிக்கினு போயிரலாம்."

"இன்னாத்த உருட்டறது? பெரிய ஏத்தம் இன்னும் பாக்கி கீது. அதுல நின்னுட்டா அவ்ளோதான். போன் போடக்கூட இங்க டவர் இல்ல."

இறங்கி பானெட்டைத் தூக்கினான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறவன் மாதிரி தனக்குத்தானே முணுமுணுக்க ஆரம்பித்தான். பயம் வந்தால் அவன் அப்படித்தான்.

"பெல்ட்டுன்னா சும்மா நிக்கறப்பவும் கத்தணும். கத்தல. டர்போவே போயிருந்தா ஆயில் எரிஞ்சி பொகை நீலமா வரும். வர்றது கறுப்பு. அப்போ டீசல் போவுது, காத்து பத்தல. டர்போ தள்ற காத்து எங்கியோ ஒழுவுது..." தலையைத் தூக்கினான். "நீலா, சும்மா நின்னா தெரியல. ரேஸ் பண்ணாதான் கண்டுபுடிக்க முடியும். நீ வந்து மிதி."

"மாமா தலய எங்க வெக்கறது?"

"துணி மூட்டெ மேல வை. ஒரு நிமிசம்தான்."

அவர் அவளுடைய முந்தானையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தாரோ தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கண் பாதி திறந்து அவளைப் பார்த்தது. "இதோ வந்துர்றேன் மாமா," என்று சொல்லிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அழுத்து!"

அழுத்தினாள். மலையே இன்ஜினாகிவிட்ட மாதிரி இரைந்தது. கண்ணாடியில் பின்சீட்டைத் தேடினாள். முழங்கால்மேல் கிடந்த போர்வைதான் தெரிந்தது.

"இன்னும்! ஆங்... வுடு. மறுபடி அழுத்து!" அவன் கையைக் குழாய் குழாயாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கத்தினான். "கெடச்சிருச்சி! கைல காத்து அடிக்குது! கிளாம்ப் லூசாயி ரப்பர் ஓஸு நழுவிக்கினு கீது. டர்போவுக்கு ஒண்ணுமில்ல, நீலா! ஆஃப் பண்ணு."

சாவியைத் திருப்பினாள். இரைச்சல் நின்றது. பின்சீட்டிலிருந்து வர வேண்டிய சத்தம் வரவில்லை.

விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மூக்கருகே விரல் வைத்தாள். நெஞ்சில் கை வைத்தாள். ஒன்றுமில்லை. வாய்விட்டு அலறப் போனவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கடைசியில் பிடித்துக்கொண்டிருந்த துணியைக்கூட உருவிக்கொண்டு போனேனே பாவி என்று நெஞ்சு பதறியது. அவன்மீது ஆத்திரம் பொங்கியது. அந்த வண்டியை மலையிலிருந்து உருட்டிவிடலாம் போலிருந்தது.

பானெட்டுக்கடியில் அவன் முதுகு தெரிந்தது. உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தான். இப்போது சொன்னால் இங்கேயே உட்கார்ந்துவிடுவான். எல்லையில் கேட்டால் உள்ளதை உளறியும் விடுவான். சந்தையில் ஆடு விற்கப் போனால் அதன் நோயையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, விற்காமல் திரும்பி ஓட்டி வருகிற ஆள். அங்கே அந்தக் கிழவி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

நீலாவதி மாமனாரின் கண்களை மூடினாள். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சக்திவேல் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பின்கதவைத் திறந்து, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அப்பாவின் காலை உள்ளே தள்ளிப் போர்த்தினான். பாதத்தில் வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"தூங்கறாரு," என்றாள் அவள். "சீக்கிரம் போங்க."

அவன் ஏறி உட்கார்ந்தான். விசில் இல்லை, புகை இல்லை, பெரிய ஏற்றத்தை வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. வளைவுகளில் தலை சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு வளைவில்கூட எதுவும் கேட்கவில்லை. அதுவரைக்கும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையிலேயே சேதி போயிருந்ததால் எல்லைப் புளியமரத்தடியில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் குப்பன் ஜன்னலில் குனிந்தார். "உசுரு கீதா?"

சக்திவேல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீது பெரிப்பா," என்றாள் நீலாவதி. "இழுத்துக்கினு கீது."

"சரி சரி, வழி வுடுங்கடா."

தூக்கிக்கொண்டு போய்க் குப்பம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். மல்லாந்து கிடந்தவளால் திரும்ப முடியவில்லை. கையை மட்டும் நீட்டித் துழாவி அவர் தோளைத் தொட்டாள். "வந்துட்டியா," என்றாள். "வந்துட்டே."

"கடசி நேரம்தான். பாலு ஊத்துங்க," என்றார் குப்பன். "மொதல்ல மவன் ஊத்தட்டும்."

சக்திவேல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு ஸ்பூன் பாலை அப்பாவின் வாயில் விட்டான். அது உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாகக் கழுத்தில் வழிந்தது. நீலாவதி சட்டென்று குனிந்து மற்றவர்களுக்கு மறைத்தாள். தொலைந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

"எறங்குச்சாடா?" என்று கேட்டாள் குப்பம்மா, கூரையைப் பார்த்தபடி.

சக்திவேல் உள்ளங்கையால் அந்தப் பாலைத் துடைத்தான்.

"எறங்குச்சிம்மா," என்றான். "இன்னொரு வாய் கேக்கறாரு."

ஸ்பூனை மறுபடியும் பாலில் முக்கினான்.