கஹட்ட ஓயாவின் சப்பாத்துப் பாலம்

மாத்தளையிலிருந்து கஹட்டயாய போகும் பஸ் தாழ்ந்த பாலமொன்றைக் கடந்துதான் ஊருக்குள் நுழைகிறது. அங்குள்ள பஸ் தரிப்பிடப் பலகையில் தமிழில் 'சேனைப் பாலம்' என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு காலத்தில் காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்தார்களாம், அதனால் வந்த பெயராம். படித்தவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அது பிழை. அது என் மூத்த சகோதரர் ஸெய்னுலாப்தீன் நானாவின் பெயர். கஹட்டயாயவில் குடியேறிய சிங்களச் சனங்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'ஸேனா முதலாளி' என்று சுருக்கிக்கொண்டார்கள். அவர் கட்டியது ஸேனா பாலமாயிற்று. பலகை எழுதியவன் அதைச் சேனை ஆக்கிவிட்டான். இந்தக் குடும்பத்தில் பேனா பிடிக்கத் தெரிந்த ஒருவன் உயிரோடிருக்கும்போது இந்தப் பிழையை விட்டுவைக்க முடியாது.

எங்கள் வாப்பா மீராசாஹிப் மாத்தளையில் பெயர்பெற்ற கொந்தராத்துக்காரர். பலாபத்வலயிலும் பல்லேபொலவிலும் அவர் கட்டிய பாலங்களின் கைப்பிடிச் சுவரில் ஒரு கல் இருக்கும். அதில் 'மீராசாஹிப்' என்ற பெயரும் வருடமும் வெட்டியிருக்கும். பெயர்க் கல் இல்லாத வேலையை அவர் செய்ததில்லை. வாப்பா மௌத்தான பிறகு நானாவும் நானும் அந்த வழக்கத்தைக் காப்பாற்றி வந்தோம்.

ஐம்பத்தேழாம் வருடம் கஹட்டயாயப் பாதை வேலை எங்களுக்குக் கிடைத்தது. றத்தோட்டைக்கு அப்பால், மலை இறங்கி, காட்டுக்குள் போகும் பாதை. முடிவில் கஹட்ட ஓயா என்ற ஆறு. அதற்கு அப்பால், காடு வெட்டிக் குடியேறிய விவசாயிகள். முந்திய மாரியில் ஓயா பெருகி அவர்களை அடைத்துவிட்டது. அரிசியும் வரவில்லை, காய்ச்சலுக்கு மருந்தும் வரவில்லை. வெள்ளம் வடிந்து முதல் வண்டி போனபோது, அது திரும்பி வரும் வழியில் பல குடும்பங்கள் பாய் சட்டியோடு ஏறி வந்துவிட்டன. மிஞ்சியவர்கள் இன்னொரு மாரியைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாக இருந்தார்கள்.

நானா அவர்களிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். "வெள்ளம் வந்தா வரட்டும். தண்ணி எறங்கினவுடனே லொறி வரும். அது என்ட பொறுப்பு."

அரசாங்கப் பாதைத் திணைக்களம் அனுமதித்தது உயரமான பாலமல்ல, சப்பாத்துப் பாலம். அடியில் சீமெந்துக் குழாய்கள், மேலே கொங்கிறீட் தளம், ஓரங்களில் முழங்கால் உயரத்துக்குக் காவல் கற்கள், அவ்வளவுதான். மழைக்கு ஆறு அதன் மேலாலேயே ஓடும். செய்தி மாத்தளைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. தேத்தண்ணிக் கடை புஹாரி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"என்ன மஹ்ரூப், மீராசாஹிப் ஹாஜியார்ட மகன் இப்ப சப்பாத்துத் தைக்கிறாராமே?"

"ஒனக்கும் ஒரு சோடி தைக்கச் சொல்றேன். கால் அளவக் குடு," என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அன்று மாலையே ஓயாக்கரைக்குப் போய் நானாவிடம் பேசினேன். கங்காணி மாரிமுத்து தன் ஆட்களோடு தளத்துக்குக் கல் பரப்பிக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர், நானாவோடு எந்தக் காட்டுக்குள்ளும் போவார்.

"ரெண்டு பக்கமும் செவரு வைங்க நானா. செவரு இல்லாம வாப்பாட பேர எங்க வைக்கிறது?"

"செவரு வெச்சா மரமும் மூங்கிலும் வந்து அடையும். அடைஞ்சா அணைக்கட்டு மாதிரித் தண்ணி நிக்கும். பொறகு கரைய அறுத்துக்கிட்டுப் போகும். பேரும் போகும், பாலமும் போகும்."

"பேரில்லாத வேலைய வாப்பா செஞ்சதில்ல."

"வாப்பா ஆத்துக்கு மேல கட்டினாரு. நான் ஆத்துக்குக் கீழ கட்டுறேன்."

மாரிமுத்து வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாப்பாவின் பெயருக்காக நான் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் வேலை நானாவுடையது, தீர்ப்பும் அவருடையது. சுவர் வைக்கவில்லை.

அவர் அங்கே வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். யானை இரவில் வந்து சீமெந்து மூட்டைகளை மிதித்துவிட்டுப் போனால், காலையில் கோபப்படாமல் எதை எடுக்கலாம் என்று பிரித்துக்கொண்டிருப்பார். காய்ச்சலோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாய்களை நேர் பார்த்தார். பகல் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் ஒரே சட்டிச் சோறு. ளுஹர் தொழுகைக்கு மட்டும் ஒரு பாறைமேல் ஏறுவார். அந்தப் பாறைக்கு வெடி வைக்க மாரிமுத்து கடைசிவரை சம்மதிக்கவில்லை. "மொதலாளி தொழுவுற கல்லுங்க. பாதையத்தான் வளைச்சுப் போடணும்," என்றார். பாதை இன்றைக்கும் அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது.

ஐப்பசியில் பாலம் முடிந்தது. நானா பல்லேபொலவில் இன்னொரு வேலையைப் பார்க்கப் போனார். அந்த இடைவெளியில்தான் முதியான்சே அந்தக் காரியத்தைச் செய்தார். கஹட்டயாயச் சனங்களுக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர். காவல் கற்களுக்கிடையில் மரக் கம்புகளை இறுக்கி, குறுக்கே மூங்கிலை வைத்துக் கம்பியால் கட்டி, பாலத்தின் நீளத்துக்கும் ஒரு வேலி போட்டுவிட்டார். மாடுகள் மிரளாமல் இருக்கட்டும், பிள்ளைகள் விழாமல் இருக்கட்டும் என்று ஊர் கூடி வேலை செய்து, ஸேனா முதலாளி மறந்துபோனதைத் தாங்கள் செய்து கொடுத்ததாக மகிழ்ந்திருந்தார்கள்.

மார்கழியில் அந்த வருடத்துப் பெருமழை வந்தது. நாடெங்கும் பாதைகள் உடைந்தன. நானாவும் நானும் மாரிமுத்துவும் லொறியை மலையடியில் விட்டுவிட்டு நடந்து ஓயாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை நேரம். பாலம் தெரியவில்லை. வேலி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதில் வேரோடு வந்த மரங்கள், மூங்கில் புதர், வைக்கோல், செத்த மாடு ஒன்று. மேல்பக்கம் தண்ணீர் குளம்போல உயர்ந்து நின்றது. எங்கள் பக்கத்துக் கரை கண்முன்னாலேயே கட்டி கட்டியாக இடிந்து விழுந்தது.

"இது யாரு வெச்ச வேலி?" என்றார் நானா.

அக்கரையில் முதியான்சே தலையில் கைவைத்து நின்றார். கரை அறுந்தால் பாலம் தனியே நடு ஆற்றில் நிற்கும். லொறி வராது. வாக்குப் போகும், அதோடு கஹட்டயாயவும் போகும்.

நானா சாரத்தை மடித்துக் கட்டினார். இடுப்பில் கயிற்றைக் கட்டச் சொன்னார்.

"நான் போறேங்க மொதலாளி," என்றார் மாரிமுத்து.

"ஒன் பொஞ்சாதிக்கு நான் பதில் சொல்லேலாது. கயித்தப் புடி."

கயிற்றை ஒரு கும்புக் மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மாரிமுத்துவும் நானும் பிடித்துக்கொண்டோம். நானா கோடரியோடு இறங்கினார். தளம் எங்கே இருக்கிறது என்று காலால் தடவித் தடவிப் போனார். தண்ணீர் தொடைவரை இருந்தது. முதல் கம்பை வெட்டினார். வேலியில் ஒரு துண்டு சரிந்து குப்பையோடு போனது. அடுத்ததற்கு நகர்ந்தார்.

அப்போது அக்கரையிலிருந்து முதியான்சே இறங்குவதைக் கண்டோம். அவரும் இடுப்பில் கயிறு கட்டியிருந்தார், கையில் கோடரி. கட்டியவரே வெட்ட வந்தார். இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு நடுவுக்கு வந்தார்கள். ஒரு முறை நானா வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. மாரிமுத்து மரத்தோடு சாய்ந்து நின்று அதை நிறுத்தினார். நானா எழுந்து கோடரி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் வெட்டத் தொடங்கினார்.

கடைசிக் கம்பு போனதும் தேங்கியிருந்த தண்ணீர் ஒரே மூச்சில் பாலத்தைத் தாண்டிப் பாய்ந்தது. மேல்பக்க மட்டம் இறங்கியது. கரை இடிவது நின்றது. நடு ஆற்றில் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ மாட்டுக்குத்தானே கட்டினாய்?" என்று நானா சிங்களத்தில் கேட்டார்.

"பிள்ளைகளுக்கும்தான், முதலாளி."

"பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் யாரிடமும் முதியான்சேயைக் குறை சொன்னதில்லை.

மழை விட்டுத் தண்ணீர் வடிந்ததும் பாலம் வெளியே வந்தது. ஒரு வெடிப்பு இல்லை. தளத்தில் படிந்திருந்த மணலை ஊர்ப் பெண்கள் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டினார்கள். அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் ஏற்றிய லொறி வந்தது. சுவர் இல்லாத பாலத்தைப் பார்த்து டிரைவர் தயங்கினான். நானா லொறிக்கு முன்னால் போய், அதற்கு முதுகைக் காட்டி, நடுக்கோட்டில் நடக்கத் தொடங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. லொறி அவர் பின்னால் ஊர்ந்து போயிற்று.

அக்கரையில் முதியான்சே வெற்றிலைத் தட்டோடு வரவேற்றார். ஊர் சார்பில் ஒரு வேண்டுகோள் வைத்தார். சுவர் இல்லையே, அதனால் பாலத்தின் நடுவில், தளத்திலேயே ஒரு கல்லைப் பதித்து முதலாளிமாரின் வாப்பா பெயரை வெட்டலாம், தாங்களே வெட்டித் தருகிறோம் என்றார்.

நானா என்னைப் பார்த்தார். பெயர் வேண்டுமென்று நின்றவன் நான்தானே.

"வேணாம்," என்றேன். "ஆளும் மாடும் மிதிக்கிற எடத்துல எங்க வாப்பாட பேரு ஈக்கக் கூடாது."

"இந்த வேலை தொடங்கின நாள்ல இருந்து," என்றார் நானா, "நீ செல்லி நான் கேக்குற மொதல் பேச்சு இதுதான்."

மாரிமுத்து இந்த முறை திரும்பாமலே சிரித்தார்.

சாமான்களை இறக்கி முடித்தபின் டிரைவர் லொறியைத் திருப்பி நிறுத்தினான். முந்திய வருடத்து ஞாபகத்தில், பின்கதவை மூடாமல் இறங்கி நின்று, "போறவங்க யாராச்சும் ஏறுறாங்களா?" என்று கேட்டான். முதியான்சே ஊர்ப்பக்கம் பார்த்தார். வீடுகளில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. டிரைவர் ஒரு பீடி குடித்து முடியும்வரை காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. அவன் பின்கதவை மூடினான். நாங்கள் ஏறிக்கொண்டோம்.