கோல்டு மெம்பருக்கு மட்டும்

அம்பரீன் மடியிலிருந்த புறா கழுத்து முறுக்கிக்கொண்டு துடித்தது. கூண்டில் இன்னும் நாலு அதே கதியில் கிடந்தன. புறா சங்கச் செயலாளர் ராமராஜனுக்குப் போன் போட்டாள்.

"செத்துக்கினு இருக்குதுண்ணா! மருந்து சொல்லுங்க!"

"ஆப்ல இருக்குதும்மா. கோல்டு மெம்பரானா திறக்கும்."

"நானும் சங்கந்தானே?"

"சாதா மெம்பர்தானேம்மா."

அழுதுகொண்டே பணம் அனுப்பினாள். பக்கம் திறந்தது. 'நோய் வந்தபின் மருந்தில்லை. முன்கூட்டியே தடுப்பூசி போடவும்.'

"ஊசின்னு ஒரு வார்த்தை சும்மா சொல்லியிருக்கக் கூடாதா?"

"போன மாசமே கேம்ப் வெச்சோமேம்மா, கோல்டு மெம்பருங்களுக்கு."

போனை வைத்தவள், அந்தப் பக்கத்தைப் படமெடுத்துச் சாதா மெம்பர்கள் குரூப்பில் போட்டாள். யாரோ ஒருத்தர் "ஊசி எங்க போடுறாங்க?" என்று கேட்டார். பதில் அடிப்பதற்குள் அவளைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.